திரும்பிப் போக ஒரு வயல்

சுவிஸில், ஃப்ரிபூர்கில் லத்தீன் படிப்பிக்கிறேன். செத்த மொழியை வைத்துச் சோறு தின்கிறாய் என்று அப்பா கேலி செய்வார். ஆஸ்பத்திரிச் சமையலறையில் சட்டி கழுவி என்னைப் படிப்பித்தவர், என்னவும் சொல்லலாம்.

வேலையிடத்தில் அவருடைய பெயரைக்கூட ஒருவரும் சரியாகச் சொன்னதில்லை. எங்கள் கோயிலில் மட்டும் அவர் தலைவர். பழைய டயர்க் களஞ்சியம் ஒன்றை வாடகைக்கு எடுத்துக் கோயிலாக்கிய நாளிலிருந்து வேறு யாரும் அந்தக் கதிரையில் இருந்ததில்லை. திருவிழாவில் முதல் காளாஞ்சி, தேங்காயும் பழமும் வெற்றிலையும் வைத்த அந்த மரியாதைத் தட்டு, அவர் கைக்குத்தான் வரும். அதை வாங்கும்போது அவர் முதுகு நிமிரும்.

வரவர அவர் பொல்லாதவரானார். ஐயரை எல்லோர் முன்னாலும் ஏசினார். கோயில் பூட்டின் திறப்பை ஒருவரிடமும் கொடுக்கமாட்டார். கடைசியில் நிர்வாகத்தினர் என்னைப் பிடித்தார்கள். தானாக விலகினால் மரியாதை, இல்லாவிட்டால் பொதுக்கூட்டத்தில் கையுயர்த்தி இறக்குவோம் என்றார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரம்.

எனக்குத் தெரிந்த வழியில் அப்பாவிடம் போய் ஒரு கதை சொன்னேன். பழைய ரோமில், வயலில் நின்ற ஒருவரைக் கூட்டிவந்து முழு அதிகாரத்தையும் கொடுத்தார்கள். எதிரியை வென்ற கையோடு அவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஏர் பிடிக்கப் போய்விட்டார். அதிகாரத்தை விடுகிற விதத்தில்தான் ரோமர்கள் ஆளை எடைபோட்டார்கள் என்றும் சேர்த்துக்கொண்டேன். வகுப்பில் இந்தக் கதை நன்றாக எடுபடும்.

அப்பா தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"அந்தாளுக்குத் திரும்பிப் போக வயல் இருந்தது, பிள்ளை. எனக்கு எது?"

கிளிநொச்சியில் அவருக்கும் வயல் இருந்தது. இப்போது அது ஒரு இராணுவ முகாமின் வேலிக்குள் கிடக்கிறது.

கூட்டத்துக்கு முன்பே விலகினார். திறப்பை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். அந்த ஆண்டுத் திருவிழாவில் காளாஞ்சி புதிய தலைவரிடம் போனது. மென்மையாகப் பேசுகிற மனிதர் அவர். தட்டை வாங்கும்போது அவர் முதுகும் நிமிர்ந்ததைப் பார்த்தேன்.

அப்பாவைக் காணவில்லை. தேடிப் போனால், பின்பக்கச் சமையலறையில் பட்டுச் சால்வையை ஆணியில் மாட்டிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அன்னதானக் கிடாரங்களைக் கழுவிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று, இனி ஒரு சட்டியும் தொடமாட்டேன் என்று சொன்னவர். அதன்பின் வீட்டில் தன் தேத்தண்ணிக் கோப்பையைக்கூட அவர் கழுவியதில்லை.

"விடுங்கோ அப்பா. செய்ய ஆக்கள் இருக்கினம்."

அவர் நிமிரவில்லை.

"உன்ர ரோமாக்காரன் திரும்ப ஏர் பிடிக்கேக்க சந்தோசமாவோ இருந்தவன்?"

"அதை ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை அப்பா."

"எழுதமாட்டாங்கள்," என்று சொல்லி அடுத்த கிடாரத்தை இழுத்தார்.