பூனைப்பருந்து தேடிப் போன இடங்கள்

நான் துறைமுகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்த புதிதில், பக்கத்து மேசை நண்பன் ஒரு பைனாகுலர் வாங்கி வந்தான். உலகச் சண்டை முடிந்து பட்டாளத்தார் கழித்துப் போட்டது. அவன் வண்ணாரப்பேட்டைத் தோல் வியாபாரியின் மகன். பருந்து, கழுகு என்றால் பித்து. அந்தப் பித்து எனக்கும் தொற்றிக்கொள்ள, ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றைப் பார்க்க இடம் தேடி அலைந்தோம்.

முதலில் காசிமேட்டுக் கரை. பருந்துகளுக்குக் குறைவே இல்லை. ஆனால் அழுகிய மீன் குடலை மிதித்து நின்றுதான் அண்ணாந்து பார்க்க வேண்டும். ஒரு செம்பருந்து நழுவவிட்ட குடல் என் காலருக்குள் விழுந்து முதுகு வழியே வழுக்கி இறங்கியது. எத்தனை சோப்புப் போட்டும் அந்த வாடை போகவில்லை.

அடுத்து, தண்டையார்பேட்டைக்கு அப்பால் செத்த மாடுகளைத் தோலுரிக்கும் திடல். பிணந்தின்னிக் கழுகுகள் கழுத்துவரை மாட்டு வயிற்றுக்குள் நுழைந்து, சாணமும் ரத்தமும் வழியும் தலையை வெளியே எடுத்தன. நண்பன் ஓரமாகப் போய் வாந்தியெடுத்தான்.

"தோல் மண்டியிலயே வளந்தவன் நானு. எனக்கே தாங்கலபா. கலீஜ். வேற எடம் பாக்கலாம்."

அப்படித்தான் எண்ணூருக்குப் போனோம். முகத்துவாரத்தில் படகேறி, காட்டுப்பள்ளிப் பக்கம் மணல்மேடுகளில் நடந்தோம். புல்வெளிக்கு ஒரு முழம் மேலே, சிறகடிக்காமல் மிதந்து வந்தது ஒரு பூனைப்பருந்து. அதன் முகம் ஆந்தை முகம்போல வட்டமாக இருந்தது. பைனாகுலரை மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்தோம். மூக்கைப் பொத்தாமல் பார்க்க ஓர் இடம் கிடைத்துவிட்டது. மார்கழி முழுக்க அங்கேயே போனோம்.

தை பிறந்ததும் ஒருநாள், மேட்டைத் தாண்டுவதற்குள் வெடிச்சத்தம் கேட்டது. தொப்பி போட்ட இரண்டு கனவான்கள் துப்பாக்கியோடு நின்றார்கள். மணலில் அந்தப் பருந்து ஒற்றைச் சிறகால் வட்டமடித்துக்கொண்டிருந்தது. ஒருவர் பூட்ஸ் முனையால் அதைப் புரட்டினார்.

"இதைத் துன்னவா சார் போறீங்க?" என்றான் நண்பன்.

"இதையா? சும்மா குறி பார்த்தேன்பா."

நண்பன் குனிந்து அதைத் தூக்கினான். அது அவன் உள்ளங்கையில் நகத்தைப் பதித்து, அப்படியே விறைத்துப்போனது. நகங்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்து எடுத்தேன்.

திரும்ப ஒரே படகு. அவர்கள் எதிரே உட்கார்ந்து கோழி வறுவல் தின்றார்கள். விரலை நக்கிய ஒருவர், ஒரு துண்டை எங்கள் பக்கம் நீட்டினார்.

"வாணாம் சார். உங்களைப் பாத்தா வவுறு பொரட்டுது" என்றான் நண்பன்.

அவர் முகம் சுருங்கியது. படகோட்டி சிரிப்பை அடக்கத் தண்ணீரைப் பார்த்தார். வீடு வந்த பிறகும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் அலுவலகத்தில், கட்டுப்போட்ட கையோடு நண்பன் என் மேசைக்கு வந்தான்.

"இன்னும் வடக்கால போவலாம்பா. நாள் பூரா நடக்கணும். அவ்ளோ தூரம் அந்த மாரி ஆளுங்க நடக்க மாட்டானுங்கோ."

அடுத்த ஞாயிறு விடியுமுன் கிளம்பினோம்.