அண்ணன் போட்ட வழக்கில் நான் பிரதிவாதி

உடையார்பாளையத்தில் முந்திரி உடைக்கிறவள் நான். எழுதப் படிக்கத் தெரியாது, வாய் மட்டும் நீளம். நான் சொல்ல மூத்த மகள் எழுதுகிறாள்.

சின்னவளைத் தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்த நாள் குறித்திருந்தோம். அப்போது கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. அண்ணன் வாதி, சித்தப்பாவும் நானும் பிரதிவாதிகள் என்று மகள் படித்தாள். கூடப் பிறந்தவனே என்மேல் வழக்கா? "இனி அவன் மடியே வேணாம்" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

வாய்தா அன்று அரியலூர் கோர்ட் வாசலில் அண்ணன் சட்டையைப் பிடித்தேன்.

"ஏண்ணே, எம்மேலயே கேஸு போட்டுட்டியா?"

அவர் வக்கீல் பதறி ஓடி வந்தார். "கையை எடும்மா! பாகம் கேக்குற வழக்குல பங்கு உள்ளவங்க எல்லாரையும் சேக்கணும். போட்டவரு வாதி, மத்தவங்க பிரதிவாதி. சித்தப்பாகிட்ட இருக்கற பூர்வீக நெலத்துல உனக்கும் பங்கு இருக்குன்னுதான் எழுதியிருக்கோம்."

நான் கையை எடுத்தேன். நான் பிடித்ததில் கிழிந்த சட்டைப்பையை அண்ணன் தடவினார். "காதுகுத்துக்குப் புதுச்சட்டை நீதான் எடுத்துத் தரணும்."

எடுத்துக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டுதான் சின்னவளை மடியில் வைத்தார். இப்போதெல்லாம் கோர்ட் காகிதம் வந்தால் முதலில் வக்கீலிடம் விளக்கம் கேட்கிறேன். சட்டையைப் பிடிப்பது அதற்கப்புறம்தான்.