கூட்டமில்லாத படம்

மும்பை செம்பூரில் இரண்டு அறை வீடு ஒன்றில் தனியாக இருக்கிறேன். மனைவி மகள் வயிற்றுப் பேரனைப் பார்த்துக்கொள்ள பெங்களூர் போனாள். ஒரு மாதம்தான் என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான்.

ஓய்வு பெற்ற குமாஸ்தாவுக்குப் பகலெல்லாம் என்ன வேலை? சிலர் பூங்காவைச் சுற்றி நடக்கிறார்கள், சிலர் மருமகளைக் குறை சொல்கிறார்கள். எனக்கு முழங்கால் வலி, மருமகளும் கிடையாது. அதனால் இணையக் கலைக்களஞ்சியத்தில் தமிழ்க் கட்டுரைகளைத் திருத்துகிறேன். சம்பளம் கிடையாது. வாசகர்களும் கிடையாது என்றுதான் நினைத்திருந்தேன். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் தமிழில் கடைப் பலகையைப் படிப்பதற்குள் கடையே மூடிவிடும்.

நான் கண்காணிக்கும் பக்கங்களில் ஒன்று, தாராவியில் முன்பு மாநகராட்சி கார்ப்பரேட்டராக இருந்த ஒருவருடையது. யாராவது வந்து ‘ஏழைகளின் தெய்வம்’ என்று எழுதுவார்கள். நான் தெய்வத்தை எடுத்துவிடுவேன். இன்னொருவர் வந்து, குழாய் இணைப்புக்குக் கை நீட்டியவர் என்று எழுதுவார். ஆதாரம் எங்கே என்று கேட்பேன். ஆளைக் காண முடியாது. இப்படி அவரைத் தெய்வமும் ஆகவிடாமல் திருடனும் ஆகவிடாமல், நடுவில் ஒரு சாதாரண மனிதராகப் பல வருஷம் நிறுத்திவைத்திருந்தேன். அந்தப் பெருமையைத் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில், சர்க்கரைப் பொங்கல் வரிசையில் நின்றபடி, முன்னால் நின்றவரிடம் அளந்துவிட்டேன். என் வாய் அப்படி.

சில நாள் கழித்து ஒரு காலையில் போன் வந்தது.

“தம்பி, என்னப் பத்தி எழுதுத ஆளு நீதானா?”

“நான் எழுதல அண்ணாச்சி. மத்தவங்க எழுதினதச் சரிபாக்கேன்.”

“நல்லாப் பாத்தே போ! எம் பேருக்குக் கீழ அவன் மூஞ்சில்லா இருக்கு!”

பார்த்தேன். உண்மைதான். பொதுக் கழிப்பறை திறப்பு விழா ஒன்றில் நாலைந்து பேர் சேர்ந்து நின்ற படம். யாரோ அதில் ஒரு தலையை மட்டும் வெட்டி ஒட்டியிருந்தார்கள். எல்லாரும் வெள்ளைச் சட்டை, எல்லாரும் மீசை. வெட்டியவர் தவறான மீசையை வெட்டிவிட்டார். அந்த முகம், அடுத்த தேர்தலில் அண்ணாச்சியைத் தோற்கடித்தவருடையது. பல வருஷமாக ஒவ்வொரு காற்புள்ளியையும் காவல் காத்த நான் ஒரு நாள்கூட அந்த முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

“எம் பேத்தி செல்லுல காட்டி, ‘தாத்தா, அப்போ நீங்க ஹேண்ட்சமா இருந்தீங்க’ங்கா தம்பி. அவன் மூஞ்சியப் பாத்து!”

அப்போதே படத்தை எடுத்துவிட்டேன். மறுநாளே அடுத்த போன். பக்கம் மொட்டையாக இருக்கிறதாம், பத்திரிகையில் வந்த படங்கள் பெட்டி நிறைய இருக்கிறதாம். அவற்றின் உரிமை படம் எடுத்தவர்களுக்குத்தான், நாமே புதிதாக ஒன்று எடுத்தால்தான் உண்டு என்றேன். அதிலிருந்து தினமும் போன். கதர் போடவா, டெரிகாட்டன் போடவா? கண்ணாடி வேண்டுமா? முகத்தில் பவுடர்? நானும் இதெல்லாம் நாட்டுக்கு முக்கியம் என்பதுபோல யோசித்து யோசித்துப் பதில் சொன்னேன். அந்த வாரங்களில் டிவி பார்த்த ஞாபகமே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாராவி தொண்ணூறு அடி சாலையில் சந்தித்தோம். சலவை மடிப்புக் கலையாத வேட்டி சட்டையில் வந்திருந்தார். அவருடைய பழைய ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். அதன் வாசலில் போய் நின்றுகொண்டார்.

நான் போனைத் தூக்கினேன். “பொறு தம்பி. கூட்டம் வரட்டும்.”

“யாருக்காவது சொல்லியிருக்கியளா?”

“சொல்லணுமாக்கும்? நான் நின்னாலே கூடிரும்லா.”

காத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமைத் தெரு, ஆளுக்கா பஞ்சம்? கோழி வாங்கப் போகிறவர்கள், மூட்டை சுமக்கிறவர்கள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பேரம் பேசுகிறவர்கள். ஒருவரும் நிற்கவில்லை. கடைக்காரப் பையன்தான் வெளியே வந்தான்.

“அங்கிள், தோடா, கொஞ்சம் சைட்ல நில்லுங்க. கஸ்டமர் வர வேணாமா?”

அண்ணாச்சி ஒதுங்கி நின்றார். “நீயாவது பின்னால நில்லேன் தம்பி,” என்றார்.

“நிக்கலாம் அண்ணாச்சி. என் உடம்புக்கு நாலு பேர் நின்ன மாதிரியே தெரியும். ஆனா படத்த யாரு எடுப்பா?”

“அதுவும் சரிதாம்.”

அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவர் எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார். அண்ணாச்சியின் கைகள் தாமாகக் குவிந்தன. முகம் அப்படியே மலர்ந்தது. நான் அமுக்கிவிட்டேன். அந்த ஆள் சாலையைக் கடந்து வந்து, என் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்த ஆட்டோவில் ஏறிப் போனார்.

“நம்ம பழைய ஆளு,” என்றார் அண்ணாச்சி. “ஏதோ அவசரம் போல.”

படம் அருமையாக வந்திருந்தது. அன்று சாயங்காலமே பக்கத்தில் ஏற்றினேன். உடனே போன்.

“கீழ ஒரு வரி போடு தம்பி. ‘மக்களின் வணக்கத்தை ஏற்கிறார்’னு.”

“அதுக்கு ஆதாரம் இல்லையே அண்ணாச்சி.”

“நீதானவே பக்கத்துல நின்ன?”

“நான் பாத்தது செல்லாது. எங்கயாவது அச்சுல வந்திருக்கணும்.”

“பொறவு எதுக்குவே ரெண்டு கண்ணு வச்சிருக்கீரு?”

தம்பியிலிருந்து ‘வே’க்கு வந்துவிட்டார், கோபம்தான். இனி இந்த நம்பரிலிருந்து போன் வராது என்று நினைத்தேன். அவர் சொன்ன வரியைப் போட்டுவிட்டால்தான் என்ன? யார் வந்து கேட்கப்போகிறார்கள்? ஆனால் தெய்வத்தை அழித்த அதே விரலால் இதை எப்படி எழுதுவது? அண்ணாச்சியே கேட்டார்.

“அவன் ஆட்டோவுக்குத்தான கை காட்டினான்?”

“ஆமா அண்ணாச்சி.”

பிரஷர் குக்கர் விசில் கேட்டது. அவர் வீட்டிலா, என் பக்கத்து வீட்டிலா, தெரியவில்லை.

“‘கைகூப்பி நிற்கிறார்’னு போடலாம்,” என்றேன்.

“யாரப் பாத்துன்னு போட வேண்டாமா?”

“வேண்டாம்.”

“பொய் இல்லைலா?”

“ஒரு எழுத்துகூட இல்ல.”

“அப்ப போடு.”

போட்டேன். அதோடு போனும் நின்றது. முகம் சரி, வரி சரி, ஆதாரங்கள் எல்லாம் சரி. குறை இல்லாத பக்கத்தைப் பற்றி யார் யாரிடம் பேசுவது? தெய்வம் என்று எழுதுகிறவர்களும் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். யாராவது வந்து எதையாவது கெடுத்துவைத்திருக்கக் கூடாதா என்று இருக்கும்.

நேற்று நானே கூப்பிட்டேன்.

“என்ன தம்பி, எவனும் மூஞ்சிய மாத்திட்டானா?”

“இல்ல அண்ணாச்சி. எல்லாம் சரியா இருக்கு.”

“அதச் சொல்லவா கூப்பிட்ட?”

“ஆமா.”

“சரி, வேற என்ன?” என்றார்.

வேறு ஒன்றும் இல்லை. அவரும் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.