தொடக்கூடாத வயிறு

எண்பதுகளின் தொடக்கத்தில், புதூர்நாடு மலையிலிருந்து ஒரு குழந்தையைக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் பொறுப்பு நர்ஸான என்மேல் விழுந்தது. மூன்று வயதுப் பெண். சிறுநீரகத்தில் புற்றுநோய்க் கட்டி. கூட வந்த தகப்பன் ஒட்டிய கன்னமும் தூங்காத கண்ணுமாக இருந்தார். ஜீப்பில் யார் ஏறினாலும் குழந்தையின் சட்டையைத் தூக்கிவிடுவார்.

“அமுக்கிப் பாரு மாமா, கல்லு மாதிரி கீது.”

எனக்குப் பொறுக்கவில்லை. “யாரும் தொடாதீங்க! அமுக்கினா கட்டி உள்ளயே ஒடஞ்சி நோவு பரவிடும். ஒடையாம கிட்னியோட எடுத்தாத்தான் புள்ள பொழைக்கும்.”

“இத மொதல்லயே சொல்லக் கூடாதா நர்சம்மா?” என்றார். காலையிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் பரிசோதிக்கக் கையை நீட்டியதும், இவர் டாக்டரின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். “தொடாதீங்க சார், ஒடஞ்சிடும்!”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. நான் கெஞ்சியும் பிடியை விடவில்லை. கடைசியில் டாக்டரே, “மெதுவா, ஒரே ஒரு வாட்டி,” என்று அனுமதி கேட்டார்.

ஆபரேஷனில் கட்டி உடையாமல் வந்தது. பிறகு மாதக்கணக்கில் ஊசி போட்டார்கள், குழந்தை தேறியது. ஊசிக்குப் போகும்போதெல்லாம் அவர், “இப்பத் தொடலாமா நர்சம்மா?” என்று கேட்டு என் உயிரை எடுப்பார். தழும்பு ஆறிய பிறகும், நான் சரி என்று சொல்லாமல் அந்த வயிற்றில் அவர் கை வைத்ததே இல்லை.