நாலு முடிச்சு நூல்

விமான டிக்கெட் போடும் கடையில் வேலை பார்த்தவளை எல்லோரும் முடிச்சக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் மேஜைமேல் ஓர் உலக உருண்டையும் ஒரு சிவப்பு நூலும் இருக்கும். விமானம் ஒரு மணி நேரத்தில் போகிற தூரத்துக்கு ஒரு முடிச்சு. எந்த ஊர் கேட்டாலும் நூலை உருண்டைமேல் வைத்து, இத்தனை முடிச்சு என்பாள். கம்ப்யூட்டர் அதையே நொடியில் சொல்லும். ஆனால் வந்தவர்கள் நூலைத்தான் நம்பினார்கள்.

புறப்படுவது இந்த ஊர் நேரம், இறங்குவது அந்த ஊர் நேரம், இரண்டையும் கழித்துப் பார்த்து ஏமாறாதீர்கள் என்று இருபது வருடமாக வாய் வலிக்கச் சொல்லி வந்தவள் அவள்.

தங்கை கல்யாணமாகி மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போன அன்று, கடைக்கே வந்து அழுதாள். முடிச்சக்கா நூலை வைத்து அளந்தாள். "நாலே முடிச்சுதான்டி. நாலு மணி நேரம். நீ கூப்பிட்டா அடுத்த பிளைட்ல வந்து நிப்பேன்." அந்த அளவுக்கு நூலை வெட்டி அவள் கையில் கொடுத்தாள்.

தங்கை வீட்டிலிருந்து கூப்பிட்டது ஒரு புதன்கிழமை காலையில். நாள் இருக்கும்போதே பிரசவ வலி வந்துவிட்டதாம். அக்கா வந்த பிறகுதான் பெற்றுக்கொள்வேன் என்று தங்கை அடம்பிடிக்கிறாளாம், ஏதோ அவள் கையில் இருப்பது போல.

பிரசவத்துக்குப் போகவென்று விசா முன்பே தயார்; பதினொரு மணி விமானத்தில் இடமும் கிடைத்தது. முடிச்சக்கா விமானம் ஏறுவது அதுதான் முதல்முறை. டிக்கெட்டைப் பார்த்தாள். இறங்குவது ஐந்தரை. அப்படியானால் ஆறரை மணி நேரம். தங்கை வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, ஆறரை மணி நேரம் ஆகுமாம், நான் சொன்னது தப்பு என்று அழுதாள். ஊருக்கெல்லாம் போட்டுக்கொடுத்த கணக்கு, தனக்கென்று வந்தபோது கைவிட்டுவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்தும் மேகத்தைப் பார்க்கவில்லை.

அவள் கடிகாரத்தில் மணி மூன்றானபோது விமானம் தரையைத் தொட்டது. ஏதாவது கோளாறா என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டாள். இங்கே கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, இதையெல்லாம் டிக்கெட் கடைக்காரர்கள் சொல்லித் தருவதே இல்லை என்று அவர் சலித்துக்கொண்டார். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஆமாம், அவர்கள் சுத்த மோசம் என்று ஒத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் தங்கை வீட்டுக்காரர் நின்றிருந்தார். "ஆறரை மணி நேரம் ஆகும்னு சொன்னேங்கக்கா. அவ கேக்கல. நூல் நாலுன்னுதான் சொல்லுது, போங்கன்னு அதட்டிட்டா."

பிரசவ அறையில் தங்கை வியர்த்துக் கிடந்தாள். விமானம் கிளம்பியதிலிருந்து மணிக்கொரு முடிச்சாகக் கட்டைவிரலை நகர்த்தி, கடைசி முடிச்சை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"நாலு முடிச்சும் தாண்டி ஒண்ணரை மணி நேரமாச்சு. எங்க சுத்திட்டு வர்றே?"

"டாக்ஸிலதான்டி. அதுக்கு நான் நூல் கட்டல."

அரை மணி நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. தங்கை அப்போதுதான் நூலை விட்டாள்.