அக்காவின் இரண்டு கண்களும் இரண்டு அறுவை சிகிச்சைகளும்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கு அக்காவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தது தெரியும். இரண்டு கண்களுக்கும் இரண்டு விதமாக நடந்ததும், அந்த நாட்களில் எங்கள் வீடு எவ்வளவு பயந்து கிடந்தது என்பதும் பலருக்குத் தெரியாது. அக்கா யாரிடமும் சொல்லிக்கொள்ள மாட்டார். அதனால் தங்கையாகிய நான் எழுதுகிறேன்.

மருங்காபுரிக்கு அருகே, மழையை நம்பிக் கடலை விதைக்கும் குடும்பத்தில் மூத்த மகளாக அக்கா பிறந்தார். அப்பா சீக்கிரமே தவறிவிட்டார். மருந்தாளுநர் படிப்பை முடித்த கையோடு புத்தூரில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, என்னையும் படிக்க வைத்தார். திருமணமாகி ஸ்ரீரங்கம் வந்த பிறகும் அதே கடைதான். தினமும் சத்திரம் பஸ் நிலையத்தில் பஸ் மாறிப் போய்வந்தார். டாக்டர்களின் கிறுக்கல் எழுத்தை அவரைப்போலப் படிக்க அங்கே ஆளில்லை.

ஐம்பது வயதைத் தாண்டியபோது, காலையில் எழுந்தால் எல்லாம் புகைமூட்டமாகத் தெரிகிறது என்றார். மதியத்துக்குள் தெளிந்துவிட்டதால் அசட்டையாக இருந்துவிட்டார். ஒருநாள் காலை, ஒரு பெரியவருக்கு ஐந்து மில்லிகிராம் மாத்திரைக்குப் பதிலாகப் பத்து மில்லிகிராமை எடுத்துக் கொடுத்துவிட்டார். அவர் அட்டையைப் பார்த்துத் திருப்பிக் கேட்டதால் ஒன்றும் ஆகவில்லை. அக்கா அப்போதே முதலாளியிடம் போய், "இனிமே நான் காலையில நிக்க மாட்டேங்க. என் கண்ணை என்னாலயே நம்ப முடியல" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

கருவிழியின் உட்புறத்தில் நீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளும் செல்கள் இரண்டு கண்களிலும் அழிந்து வருகின்றன என்றார் கண் மருத்துவர். வலது கண் தழும்பேறும் அளவுக்கு முற்றியிருந்தது. அதற்கு ஒரே வழி, கருவிழியை முழுக் கனத்துக்கும் வட்டமாக வெட்டியெடுத்துவிட்டு, இறந்த ஒருவரிடமிருந்து தானமாக வந்ததை வைத்துத் தைப்பது. பதினாறு தையல்கள் போட்டார்கள். அவற்றைப் பிரித்து முடிக்க ஒன்றரை வருடம் ஆனது. நடுவில் திடீரென்று கண் சிவந்து மங்கியது. உடம்பு புதுக் கருவிழியை ஏற்க மறுக்கிறது என்றார்கள். மணிக்கொரு தடவை சொட்டு மருந்து விட்டு மூன்று வாரத்தில் மீட்டோம். அதற்குப் பிறகும் எழுத்துகள் கோணலாகத்தான் தெரிந்தன.

இடது கண்ணின் முறை வந்தபோது மருத்துவர் வேறொன்றைச் சொன்னார்.

"இந்தக் கண்ணுல தழும்பு இல்லம்மா. முழுசா மாத்த வேண்டியதில்ல. உள்பக்கத்து மெல்லிசு ஏட்டை மட்டும் எடுத்துட்டு, தானமா வர்றதை அங்க விரிச்சு வைக்கலாம். தையல் ஒண்ணு ரெண்டுதான். பார்வையும் சீக்கிரம் வந்துடும். உடம்பு மறுக்கிற ஆபத்தும் கம்மி."

"கெடுதலையும் சொல்லுங்க மேடம். நான் மருந்துக் கடைல இருக்கிறவ, ரெண்டும் தெரியணும்."

"அந்த ஏட்டைத் தைக்க முடியாது. காத்துக் குமிழ் வச்சு ஒட்ட வைப்போம். குமிழ் சரியான இடத்துல நிக்கணும்னா நீங்க மல்லாந்தே படுத்திருக்கணும். ஒட்டாம உரிஞ்சா மறுபடி காத்து அடைக்கணும். அப்பவும் பிடிக்கலன்னா, இன்னொருத்தர் தானத்துக்குக் காத்திருக்கணும்."

அக்காவுக்கு வீசிங் உண்டு. மல்லாந்து படுத்தால் இருமல் வரும். "பழைய முறைன்னா நமக்குத் தெரிஞ்சதுதானே" என்றார் அத்தான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒரு வாரம் கழித்து அக்கா என்னிடம், "தெரிஞ்ச கஷ்டம்ங்கிறதுக்காக அதையே எடுத்துக்கிறதா? எனக்கும் பயமாத்தான் இருக்கு. படுத்துப் பார்க்கிறேன்" என்றார்.

படுத்தார். ஆபரேஷன் முடிந்ததிலிருந்து நான் பக்கத்தில் உட்கார்ந்து உறிஞ்சுகுழாயில் தண்ணீர் கொடுத்தேன். அவர் தொண்டையைச் செருமினால்கூட நான் எழுந்து நின்றுவிடுவேன். "குமிழ் இருக்காடி?" என்று கேட்பார். பார்த்தால் எனக்கு என்ன தெரியும்? "இருக்கும்க்கா" என்பேன். மூன்றாம் நாள் பரிசோதித்த மருத்துவர், ஏடு ஒரு ஓரத்தில் உரிந்திருக்கிறது என்றார்.

"நான் இருமினதாலயா?" என்று கேட்டபோது அக்காவின் கை என் கையை நெரித்தது.

"இல்லம்மா. இது யாருக்கும் நடக்கிறதுதான்."

மறுபடி காற்று அடைத்தார்கள். மேலும் இரண்டு நாட்கள் அக்கா மூச்சைக்கூட அளந்து விட்டபடி கிடந்தார். அந்த நாட்களில் அவருக்கு நான் சொன்ன பொய்கள் எத்தனை என்று எனக்கே தெரியாது. ஐந்தாம் நாள், ஏடு ஒட்டிக்கொண்டது என்றார் மருத்துவர். ஒரு மாதத்தில் மாத்திரை அட்டையின் காலாவதித் தேதியை அக்கா அந்தக் கண்ணால் படித்தார். இரண்டு ஆண்டுகள் காலை நேரத்திலும் கடையில் நின்றார்.

சென்ற ஆண்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பின் நெஞ்சு வலி என்றவர், ஆஸ்பத்திரி போவதற்குள் எங்களை விட்டுப் போய்விட்டார். கண் தானம் செய்யவேண்டும் என்று முன்பே எழுதி வைத்திருந்தார். கண் வங்கியிலிருந்து வந்தவர் தயங்கித்தான் பேசினார். "ஏற்கெனவே ஆபரேஷன் ஆன கண்ணுங்கிறதால இதை இன்னொருத்தருக்கு வைக்க முடியாதுங்க. டாக்டருங்க பயிற்சிக்கு உதவும். குடுக்கிறீங்களா?" காகிதத்தை வாங்கிய அத்தான் அதைக் கடைசி வரி வரை படித்தார். பிறகு கையெழுத்திட்டார்.

சிகிச்சை அளித்த மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், துணைக்கு நின்ற தெருவாருக்கும், கடை நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்னும் இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் யாரென்று எங்களுக்குத் தெரியாது. கருவிழி கிடைத்துவிட்டது என்று போன் வந்த இரண்டு முறையும் நாங்கள் சந்தோஷப்பட்டோம். அந்த நேரத்தில் அவர்கள் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்திருக்கும் என்பது, அத்தான் கையெழுத்திட்ட அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது. அவர்களைக் கைகூப்பி வணங்குகிறோம்.