ரிவர்ஸ் போடாத செல்வராணி

பதினோரு ஆண்டுகளில் செல்வராணி கார் ஓட்டியது தொண்ணூற்றாறாயிரம் கிலோமீட்டர். அதில் ஒரு மீட்டர்கூடப் பின்னோக்கி இல்லை.

மலேசியாவின் கூலாய் ஊரிலுள்ள வீட்டுக்குத் திரும்பியதும் காரைத் தெருவிலேயே விட்டு இறங்கிவிடுவார். சிங்கப்பூர் வேலை முடிந்து வரும் கணவர் மனோகரன்தான் அதைப் பின்பக்கமாக வாசலுக்குள் ஏற்றி, மூக்கு தெருவைப் பார்க்க நிறுத்தவேண்டும். "ரிவர்ஸ் கியரைக் கழட்டி வித்துரலாம்லா, இன்னும் புதுசாத்தான் இருக்கு" என்பார். செல்வராணி சிரிப்பதில்லை. பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் மதியம் அந்த வாசலிலிருந்து பின்னால் எடுத்தபோது சக்கரத்தடியில் ஏதோ நொறுங்கியது. பக்கத்து வீட்டுச் சிறுமியின் மூன்று சக்கர சைக்கிள். சிறுமி அப்போதுதான் இறங்கிச் சோறு சாப்பிட உள்ளே போயிருந்தாள்.

அதற்காகச் செல்வராணி வீட்டில் முடங்கிவிடவில்லை. மாதம் ஒரு சனிக்கிழமை, செனாய் தொழிற்சாலையில் பக்கத்து இருக்கைக்காரரான பரக்கத் நிஷாவை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். சதுப்புக் காடு, பறவைக் காடு, பழைய கோட்டை, எதுவானாலும் சரி; நேராகப் போய்ச் சுற்றிக்கொண்டு நேராக வெளியே வர வழி இருக்கவேண்டும். பயண நோட்டில் ஓர் இடத்தின் வரலாறு இரண்டு வரியில் முடிந்துவிடும். கார் நிறுத்துமிடத்துக்கு ஒரு முழுப்பக்கப் படம், அம்புக்குறியோடு.

ஜொகூர் லாமா கோட்டை மேட்டில் ஆற்றைப் பார்த்தபடி அரைமணி நேரம் நிற்பார். போர்த்துக்கீசியர் வந்து இந்த ஊரை எரித்த கதையைச் சொல்லும்போது, தூக்கத்தில் பேசுவதுபோலக் குரல் தணிந்துவிடும். நிஷாவும் கண்கலங்கி நிற்கும்போது மெல்லச் சொல்வார்: "நல்ல இடம்மா. அந்த மரத்தைச் சுத்தி அப்படியே வெளிய போயிரலாம்."

போன மாதம் பெக்கோக். அருவிக்குப் போகும் வழி என்று யாரோ காட்டிய செம்மண் பாதை, இருபுறமும் ஆழமான வடிகாலோடு செம்பனைத் தோட்டத்துக்குள் போனது. மரங்களுக்கிடையே காலைப் பனி பால்போலத் தேங்கியிருந்தது. வளைவு தாண்டியதும் பனியில் ஓரிடம் மட்டும் கறுத்தது. பிறகு அது அசைந்தது. தாய் யானை, அதன் வயிற்றுக்கடியில் குட்டி.

"அக்கா... ஆனை."

"தெரியுது."

"திருப்புங்க."

"எங்க திருப்புறது? ரெண்டு பக்கமும் லோங்காங்."

"அப்ப பின்னால எடுங்கக்கா."

செல்வராணி பிரேக்கை அழுத்திப் பிடித்தார். பிறகு, "போயிரும்லா. நிப்போம்" என்றார்.

"அதுவும் நம்மளப் பாத்து அதையேதான் நெனச்சுக்கிட்டு நிக்குது. காதை விரிக்குது பாருங்க. யா அல்லா, எடுங்கக்கா!"

யானை ஓர் அடி முன்வைத்தது. செல்வராணியின் கை கியரில் இருந்தது, நகரவில்லை. "பின்னால யாராச்சும் இருந்தா?" என்றார். அந்தக் குரலை நிஷா அதுவரை கேட்டதில்லை.

நிஷா பெல்ட்டைக் கழற்றினார். இருக்கையில் மண்டியிட்டுப் பின்பக்கம் திரும்பிக்கொண்டார். யானைக்கு முதுகைக் காட்டியபடி சொன்னார்: "நான் பாத்துக்கிறேன். ஒரு புள்ளையும் இல்ல. ஒரு கோழிகூட இல்ல. வாங்க."

கார் பின்னால் நகர்ந்தது. நடக்கப் பழகும் குழந்தைபோல இப்படியும் அப்படியும் தள்ளாடியது.

"லெப்டு... லெப்டுக்கா... அலமாக், அது ரைட்டு!"

செல்வராணி எத்தனையோ இடங்களைப் பார்த்திருக்கிறார். எல்லாவற்றையும் முதுகுக்குப் பின்னால் விட்டுத்தான் வந்திருக்கிறார். இப்போது, விட்டுவருகிற இடம் முதல்முறையாகக் கண்ணெதிரே நின்றது. நின்றபடியே சிறுத்துக்கொண்டு போனது. யானையின் காதுகள் மடங்கின. குட்டி தாயின் காலுக்கிடையில் நுழைந்தது. பிறகு செம்மண், பிறகு பனி மட்டும்.

"போதும்லா அக்கா, அதுங்க உள்ள போயிருக்கும். கழுத்து வலிக்குது."

"இரும்மா. இன்னும் கொஞ்சம்."

தார்ச்சாலை வரும்வரை செல்வராணி நிறுத்தவில்லை.

வருகிற சனிக்கிழமை இருவரும் கோத்தா திங்கிக்குப் போகிறார்கள். அங்கே அவர்கள் பார்க்கப்போகும் பழைய கல்லறை ஒரு முட்டுச் சந்தின் கடைசியில் இருக்கிறது.